மேமோகிராம் சொல்வதும் சொல்லாததும்

(அத்திப்பட்டில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கண நூலார் பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்தனர். வயதெல்லையில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டெனினும், பேரிளம்பெண் பருவம் நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. இதனை நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன். நாற்பதுக்குப் பின் வரும் பருவத்திற்குப் பெயர் என்ன என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். உலா வரும் தலைவனைக் கண்டு காதல் கொள்ளும் மகளிரை வகைப்படுத்தவே அப்பாகுபாடு பெரிதும் பயன்பட்டது. நாற்பதைக் கடந்தவளுக்குப் புலவர்கள் பெயர் வைக்கவில்லை என்று விடை கூறினேன்.

பெயர் இல்லாத அந்தப் பருவத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களை மிகுதியாகத் தாக்குவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும்தான். மேலை நாடுகளில் அந்நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருகிறது. இங்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இந்நோயால் இறந்தனர். சென்னையில் 1980களில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துள்ளது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் பேணிவரும் சென்னைப் பெருநகரப் பதிவேடு இம்மாற்றத்தை ஆண்டுதோறும் காட்டி வந்திருக்கிறது.

அந்நிறுவனத்தை 1954ஆம் ஆண்டில் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரமே அவரை அப்பணிக்குத் தூண்டியது. அவருக்குப் பின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். நோயை முன்னதாகக் கண்டால் வெல்லலாம் என்பது அவர்கள் மக்களிடம் ஓயாது கூறிவந்த செய்தி. முன்னதாகக் காண்பதற்கென்று இன்று நம் பெண்களிடம் அதிகமாகச் சொல்லப்படும் கருவி மேமோகிராம். அதனை எவ்வளவு நம்பலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

மேமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் ஊடுகதிர்ப் படம். 1913ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை ஊடுகதிரால் படமெடுத்து ஆராய்ந்தார். இதற்கு வித்திட்டவர் அவரே. இன்றைய கருவியில் மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றும் என ஒவ்வொரு பக்கத்திற்கும் இரு படங்கள் எடுப்பர். ஏன் இரண்டு? நம் ஊரைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களில் பணிபுரியும் பிள்ளைகளைக் கேளுங்கள். கொதிகலன் குழாய்களின் பற்றவைப்பையும் ஊடுகதிர்ப் படம் எடுத்தே சோதிக்கிறார்கள். கதிர் செல்லும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய விரிசல் படத்தில் தெரியாமற் போகலாம் என்பதை அவர்கள் அறிவர். இரும்புக்கே இந்நிலை என்றால், மென்மையான உடலுக்கு ஒரு பார்வை எவ்வாறு போதும்?

வடிகட்டும் துணியின் மூன்று விதிகள்

நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். ஆகவே இச்சோதனையை விளங்கிக்கொள்ள நமக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் வடிகட்டும் துணிக்கு மூன்று விதிகள் வைத்திருந்தனர். ஒன்று, துணியின் நெசவு அளவாக இருக்க வேண்டும். இரண்டு, ஒருமுறை வடிகட்டிய நீர் எக்காலத்துக்கும் தூய நீர் ஆகாது. இரண்டு நாழிகை கடந்தால் மீண்டும் வடிகட்ட வேண்டும். மூன்று, துணியில் தங்கிய உயிர்களை எறிந்துவிடாமல், நீர் எடுத்த இடத்திலேயே சேர்க்க வேண்டும். மேமோகிராமுக்கும் இம்மூன்று விதிகளும் பொருந்தும்.

முதல் விதி, நெசவு. நெசவு தளர்ந்தால் நுண்ணுயிர் நழுவிவிடும். மிக நெருங்கினால் நீரே இறங்காது. எந்தச் சோதனையிலும் இவ்விரு பிழைகளும் உண்டு. நோய் இருந்தும் இல்லை என்பது ஒரு பிழை. நோய் இல்லாதவரை ஐயுற்று மீண்டும் அழைப்பது மற்றொரு பிழை. அமெரிக்காவில் பல இலட்சம் படங்களைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மேமோகிராம் நோயுள்ளவருள் 100க்கு ஏறத்தாழ 87 பேரைச் சரியாகக் கண்டது. நோயற்றவருள் 100க்கு ஏறத்தாழ 89 பேரை நோயற்றவர் எனச் சரியாக விடுவித்தது.

கேட்பதற்கு இவை உயர்ந்த மதிப்பெண்களாகவே தோன்றும். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் பெண்கள் படம் எடுத்துக்கொள்கின்றனர். அவருள் ஐவருக்கு நோய் உள்ளது எனக் கொள்வோம். ஐவருள் நால்வர் பிடிபடுவர், ஒருவர் தப்பிவிடக்கூடும். எஞ்சிய 995 பேருள் ஏறத்தாழ 110 பேர் நோய் இல்லாமலேயே மறுபடியும் அழைக்கப்படுவர். ஆக, அழைக்கப்படும் 114 பேருள் உண்மையில் நோயுள்ளவர் நால்வரே. நம் நாட்டில் இந்நோயின் விகிதம் அமெரிக்காவைவிடக் குறைவு. ஆகவே வீணாக அச்சுறுத்தப்படுவோரின் பங்கு இங்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். அமெரிக்கப் பெண் ஒருத்தி நாற்பது வயதில் தொடங்கி ஆண்டுதோறும் பத்தாண்டுகள் படம் எடுத்தால், அப்பத்தாண்டில் ஒருமுறையேனும் வீண் அழைப்பைப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 61 விழுக்காடு என 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஈராண்டுக்கு ஒருமுறை எடுத்தால் அது 42 விழுக்காடாகக் குறைகிறது.

ஆகவே தாய்மார்களே, "மீண்டும் வாருங்கள்" என்று மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் அதனைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் அத்தகைய அழைப்பைக் கேட்டதும் மகளின் திருமணப் பேச்சையே நிறுத்திவிட்டார். இருபது நாள் உறங்கவில்லை. அல்ட்ராசவுண்டில் அது வெறும் நீர்க்கட்டி எனத் தெரிந்தது. அவ்வளவே.

பெயரில்லாப் பருவத்தின் சிக்கல்

எல்லோருடைய மார்பகத்திலும் இத்துணி ஒரே தரமாக வடிகட்டுவதில்லை. மார்பகத்தில் சுரப்பித் திசுவும் கொழுப்புத் திசுவும் உண்டு. ஊடுகதிர்ப் படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசு வெண்மையாகவும் தோன்றும். புற்றுக் கட்டியும் வெண்மையாகவே தோன்றும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி, இரவு வானில் நிலவுபோல் தெரியும். சுரப்பித் திசு அடர்ந்த மார்பகத்தில், முல்லைக் குவியலுக்குள் விழுந்த மல்லிகை மொட்டைத் தேடுவது போலாகும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனை எண்ணால் காட்டியது. கொழுப்பு மிகுந்த மார்பகங்களில் 100க்கு 87 புற்றுகளைக் கண்ட மேமோகிராம், மிக அடர்ந்த மார்பகங்களில் 63ஐ மட்டுமே கண்டது.

இளமையில் அடர்த்தி மிகுதி. மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் குறைகிறது. நம் பெண்களுக்கோ நோய் பத்தாண்டு முன்னதாக வருகிறது. அஃதாவது, நோய் வரும் வயதிலேயே படமும் பலருக்கு மங்கலாக இருக்கிறது. மேலை நாட்டார் அறுபது வயதுப் பெண்ணை மனத்திற்கொண்டு கூறும் உறுதிமொழியை, நாற்பத்தைந்து வயதில் நிற்கும் நம் மருமகளுக்கு அப்படியே எடுத்துச் சொல்லலாகாது.

உலக அறிஞர்களும் இவ்வயதைக் குறித்து நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளனர். சுவீடன் நாட்டில் 1977ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, படம் எடுக்க அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது என 1985இல் அறிவித்தது. கனடாவில் 1980ஆம் ஆண்டில் தொடங்கி, 40 முதல் 59 வயது வரையிலான ஏறத்தாழ 90,000 பெண்களை 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வோ, இறப்பில் வேறுபாடு இல்லை என 2014இல் கூறியது. அமெரிக்க வல்லுநர் குழு 2009இல், ஐம்பது வயதிலிருந்து ஈராண்டுக்கொருமுறை எடுப்பது பொதுவிதி, நாற்பதுகளில் அவரவர் நிலையறிந்து முடிவு செய்க என்றது. 2024இல் நாற்பதிலிருந்தே தொடங்குக என மாற்றியது. இங்கிலாந்திலோ 50 வயதிலிருந்து 71 வயதுக்குள் மூன்றாண்டுக்கு ஒருமுறையே அழைக்கின்றனர். அந்நாட்டில் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் தந்த கணக்கு சிந்திக்கத்தக்கது. ஐம்பது வயதான 10,000 பெண்களை இருபதாண்டுகள் சோதனைக்கு அழைத்தால் 43 இறப்புகள் தவிர்க்கப்படும். அதே வேளையில் 129 பெண்கள், வாழ்நாளில் தம்மை ஒருபோதும் துன்புறுத்தியிராத புற்றுக்காக மருத்துவம் பெறுவர். நன்மை உண்மையானது, அதற்கு விலையும் உண்டு.

இவ்வாறு கூறுவதால் மேமோகிராம் வேண்டாம் என்று கொள்ளாதீர்கள். நாற்பது கடந்தவர் மருத்துவரிடம் சென்று, குடும்ப வரலாற்றைக் கூறி, எப்போது தொடங்குவது, எத்தனை ஆண்டுக்கொருமுறை எடுப்பது எனக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏறத்தாழ 49,500 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. ஐம்பதுக்கு உட்பட்டவர்க்கும், அடர்ந்த மார்பகத்தினர்க்கும், மாதவிடாய் நிற்காதவர்க்கும் பழைய பிலிம் படத்தைவிட டிஜிட்டல் படமே மேலானது என அது காட்டியது. அடர்த்தி மிகுந்திருந்தால் அல்ட்ராசவுண்டும் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கதிர்வீச்சை எண்ணி அஞ்சுவோர் உண்டு. ஒருமுறை படம் எடுக்கையில் உடல் பெறும் கதிர், நாம் இயற்கைச் சூழலிலிருந்து சில வாரங்களில் பெறும் அளவே.

சுத்தமான அறிக்கைக்கும் காலவரை உண்டு

இரண்டாம் விதிக்கு வருகிறேன். வடிகட்டிய நீருக்குக் காலவரை உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே, சுத்தமான அறிக்கை பெற்றவர்க்கும் நோய் வெளிப்படலாம். முந்தைய படத்தில் மறைந்திருந்ததாக இருக்கலாம். அதன்பின் விரைந்து வளர்ந்ததாகவும் இருக்கலாம்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் 47 வயதில் மேமோகிராம் எடுத்தார். குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. பத்து மாதங்கள் கழித்துக் குளிக்கையில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. "இப்போதுதானே படம் எடுத்தோம், எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று வீட்டார் கூறினர். அவரும் அதையே தமக்குக் கூறிக்கொண்டார். அடுத்த படத்திற்குக் குறித்த நாள் வரும் வரை காத்திருந்தார். அதற்குள் நோய் அக்குளுக்குப் பரவியிருந்தது. இன்று அவர் நலமாக இருக்கிறார். ஆயினும் எளிதாக முடிந்திருக்க வேண்டிய மருத்துவம் ஓராண்டுக்கு மேல் நீண்டது. அவரைத் தாமதப்படுத்தியது அந்த நல்ல அறிக்கைதான்.

இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின் இதனைக் கொள்ளுங்கள்: கையில் கட்டி தட்டுப்பட்டால், முந்தைய அறிக்கை எவ்வளவு நல்லதாயினும் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வலியில்லை என்பது ஆறுதல் அன்று. புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தோலில் குழி விழுதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல், ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுதல் ஆகியனவும் அவ்வாறே.

அறிக்கையைப் படிக்கவும் பழகுங்கள். அதில் பைராட்ஸ் என்ற சொல்லும் 0 முதல் 6 வரை ஓர் எண்ணும் இருக்கும். பூச்சியம் என்றால் நோய் பூச்சியம் என்று மகிழ்ந்துவிடுவர் சிலர்; அதன் பொருள் படம் போதவில்லை, இன்னும் சோதிக்க வேண்டும் என்பதே. 1 என்றால் குறை இல்லை. 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் வழக்கமாக ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசி வழியே திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். 6 என்பது முன்னரே உறுதியான நோயைக் குறிக்கும். அடர்த்தியை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் குறிக்கும்; சி அல்லது டி என்றிருந்தால் படம் மங்கல் என்று உணருங்கள்.

கையின் ஆற்றல்

மேமோகிராம் கருவி எல்லா ஊரிலும் இல்லை. அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னைக்குச் சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர் நம் அண்டை வீடுகளில் பலர். அவர்களுக்கு வழி உண்டா? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கொருமுறை கையாலேயே சோதித்தனர். இருபதாண்டுகளின் முடிவு 2021இல் வெளிவந்தது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர், சோதிக்கப்படாத பிரிவில் 47 விழுக்காடு. சோதிக்கப்பட்ட பிரிவில் 37 விழுக்காடு. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையவரிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்கு உட்பட்டவரிடையே இறப்பில் தெளிவான குறைவு காணப்படவில்லை. படமாயினும் கையாயினும் இளைய வயதில் சோதனை கடினமே என்பதை இதுவும் உணர்த்துகிறது. எனினும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை உயிர் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

30 வயது கடந்த பெண்களுக்குக் கைச்சோதனை செய்ய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் நெறிமுறை. நம் மாநில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இச்சோதனை உண்டு, கட்டணம் இல்லை. சோதிப்பவர் பெண் செவிலியரே. கூச்சத்தைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

நம் வீடுகளில் கேட்கும் வேறொரு சொல்லையும் இங்குக் குறிப்பிட வேண்டும். "புலால் உண்பதில்லை, இரவில் உண்பதில்லை; நமக்கு இந்நோய் எங்கிருந்து வரும்?" என்பர். உணவு ஒழுக்கம் நம் பெருமை. உடலுக்கும் அது நன்மை தருவதே. ஆனால் வயது, குடும்ப வழி, மகப்பேறு தள்ளிப்போதல், தாய்ப்பால் ஊட்டாமை, மாதவிடாய் நின்றபின் உடற்பருமன் ஆகியன இந்நோய்க்கு வழிவகுப்பவை. இவை நம் வீட்டு வாயிலில் நின்று, உள்ளே என்ன சமையல் என்று கேட்பதில்லை. குடும்பத்தில் தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் வந்திருந்தால், திருமணச் சந்தைக்கு அஞ்சி அதனை மறைக்காதீர்கள். அந்தச் செய்தி மகளின் உயிரைக் காக்கக்கூடும்.

துணியில் தங்கியவை

மூன்றாம் விதியை நான் அறக்கட்டளைப் பெரியோரிடம் வேண்டுகோளாக வைக்கிறேன். பரிசோதனை முகாம் நடத்துவது எளிது. பந்தல், பதாகை, புகைப்படம், எத்தனை பேர் பயன் பெற்றனர் என்ற எண்ணிக்கை ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். முகாமுக்கு மறுநாள் தொடங்குவதே பெரிய பணி. சோதனையில் ஐயத்துக்குரியவர் எனத் தங்கியவரை அவர் அச்சத்தோடு விட்டுவிடலாகாது. அடுத்த படம், அல்ட்ராசவுண்டு, திசுச் சோதனை, முடிவு என்று இறுதிவரை உடன் செல்ல வேண்டும். நூறு பேரை அழைத்து நான்கு பேருக்கே நோய் எனினும், மற்ற தொண்ணூற்றாறு பேரும் "இல்லை" என்ற விடையைத் தம் காதால் கேட்கும் வரை நம் பொறுப்பில் உள்ளவர்களே.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மருத்துவமனைக்கு உடன் செல்ல முன்வரும் ஐந்து பெண்கள், வழிச்செலவுக்கும் மறு சோதனைக்கும் ஒரு சிறு நிதி, யார் யார் எப்போது மீண்டும் செல்ல வேண்டும் என்று குறித்து வைக்க ஓர் ஏடு ஆகியவை போதும். அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மருத்துவச் செலவும் கிடைக்கிறது. வழி தெரியாமல் வாசலில் நிற்பவருக்கு உடன் வர ஒருவர் வேண்டும். நான்கு தானங்களுள் ஔடத தானம் என்று நம் முன்னோர் வைத்தது மாத்திரை வாங்கித் தருவதை மட்டும் குறிப்பதன்று என்றே நான் கருதுகிறேன்.

இங்கு வந்துள்ள ஆடவர்க்கும் ஒரு சொல். மனைவி ஏதோ சொல்லத் தயங்கினால், நீங்களே கேளுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் விடுப்பு எடுத்து உடன் செல்லுங்கள். அறிக்கையைப் பெற்றுக்கொண்டு மேசை இழுப்பறையில் வைத்துவிடாமல், இருவரும் சேர்ந்து படியுங்கள்.

உடன் செல்ல விரும்பும் பெண்கள் விழா முடிந்ததும் மேடையருகே தங்கள் பெயரைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏட்டின் முதற்பக்கத்தில் என் பெயரை முன்னரே எழுதிவிட்டேன்.